இளசு, கெட்டி, நடுவாந்தரம்

பாவா எதையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பூட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு மறுபடியும் திருகிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வந்த பைக்கைத் தெருவில் உருட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பிரேக் லூசா கீதுப்பா, சமயத்துல புடிக்காது" என்று நடுக்கூடத்தில் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப் போனது. அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்கு அதுதான் காரணம் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனபோது பாவா பைக்கின் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டோம்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அக்கா புருஷனை பாவா என்றுதான் கூப்பிடுவோம். திருவாலங்காட்டுப் பக்கத்தில் சொந்த ஊர், அங்கே கரும்பு நிலம். திருத்தணியில் வீடு. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பாவா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் அலுப்புத்தான் வருகிறது, அதன் பின்னாலேயே பாசம் வருகிறது. இரண்டும் அப்படித்தான் எப்போதும் சேர்ந்து வந்தன.

"சமயத்துல சிக்கிக்கக் கூடாதும்மா." இதுதான் அவருடைய வேதம். குடை வாங்கினாலும் இதைச் சொல்வார், கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாலும் இதைச் சொல்வார். அவர் மனதில் எந்தச் சமயம் இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய பிஸ்டல் ஒன்று இருந்தது.

அது வந்த கதை சின்னது. ஆற்று மணல் லாரிகள் அவர் கரும்புக்கொல்லை வரப்பை உடைத்துக்கொண்டு போய்வந்தன. பாவா கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்தார். லாரிக்காரர் அதே ஊர்க்காரர்தான், வசதியான கை. அவர் பாவாவின் நிலத்தில் வேலை செய்தவரைக் கூப்பிட்டு, "உங்க மொதலாளிய மனுவை வாபஸ் வாங்கச் சொல்லு, இல்லன்னா பாத்து இருந்துக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது. மனு எங்கேயோ போய்த் தள்ளுபடி ஆனது. லாரிகளும் வேறு வழி பிடித்துக்கொண்டன. ஆனால் "பாத்து இருந்துக்க" என்ற சொல் பாவாவுக்குள் உட்கார்ந்துகொண்டது. அவர் பார்த்து இருக்க ஆரம்பித்தார். அலைந்து, விசாரணையெல்லாம் முடிந்து, லைசென்ஸ் வாங்கி, சர்க்கார் தொழிற்சாலையில் செய்த பிஸ்டலைக் கொண்டுவந்து பீரோவில் வைத்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. லாரிக்காரர் பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சமயம் வரும்போது இது சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

பிஸ்டலுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நான் எத்தனையோ முறை கேட்டுக் கேட்டுப் பாடம் ஆகிவிட்டது. சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். கிளினிக்கில் தானாக மூடிக்கொள்ளும் கதவு இருக்கிறதே, அதே கதைதான். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியாக இருந்தால் கதவு முழுக்கத் திறக்காது, ரொம்ப இளசாக இருந்தால் சரியாக மூடாது. கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பிரிங் பாவாவுக்குக் கெட்டி. சர்க்கரை வியாதியில் அவர் விரல்களில் பிடிமானம் குறைந்திருந்தது, ஸ்லைடை இழுக்கவே தம் கட்ட வேண்டியிருந்தது. அதனால் வெளிக்கடைகளில் வேறு ஸ்பிரிங் தேட ஆரம்பித்தார்.

நான் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவள். ஆகவே அந்தத் தூது என் தலையில் விழுந்தது. பழைய ஸ்பிரிங்கை மாத்திரை டப்பாவில் போட்டு என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். நான் ஆபீஸ் முடிந்து துப்பாக்கிக் கடைக்குப் போய் எலுமிச்சைச் சாத வாசனையோடு அதை எடுத்து மேஜைமேல் வைப்பேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே பெருமூச்சு விடுவார்.

"இன்னாம்மா சொல்றாரு இப்போ?"

"போன தடவ குடுத்தது இளசா இருக்குதாம். அதுக்கு மின்ன குடுத்தது கெட்டியாம். ரெண்டுக்கும் நடுவுல வேணுமாம்."

"நடுவுலதாம்மா மொதோ குடுத்தேன்."

"அதுவும் வேணுமாம். மூணையும் வெச்சிப் பாக்கணுமாம்."

அவர் அடுத்த வாரம் வரச்சொல்வார். இப்படியே இளசு, கெட்டி, நடுவாந்தரம் என்று மூன்று ரகமும் பாவாவின் பீரோவில் சேர்ந்தன. புடவைக்கு முந்தானை பார்க்கிறவள்போல ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். என் அக்கா அடுக்களையிலிருந்து, "பொண்ணு பாத்து முடிச்சிட்டாரா?" என்று கேட்பாள்.

ஒரு தடவை அவரோடு ரைபிள் கிளப்புக்குப் போனேன். தனியே போய் எங்காவது மயக்கம் போட்டு விழுந்துவிடுவார் என்று அக்காதான் அனுப்பினாள். அங்கே சுடச் சொல்லிக்கொடுப்பவர், பொறுமையான மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மாமா குறியே பாக்கறதில்லைங்க" என்றார். நானும் கவனித்தேன். பாவா சுட்டவுடன் எதிரில் உள்ள அட்டையைப் பார்க்கவே இல்லை. காலித் தோட்டா எங்கே விழுந்தது என்றுதான் பார்த்தார். தூரப் போய் விழுந்தால் ஸ்பிரிங் இளசு. காலடியில் விழுந்தால் கெட்டி. விழுந்த இடத்தில் குனிந்து நின்று, தென்னங்கன்று நட இடம் பார்க்கிறவர்போல் யோசித்துக்கொண்டிருந்தார். அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

நடுவாந்தர ஸ்பிரிங்கைப் போட்டுச் சுட்டபோது எல்லாம் ஒரே இடத்தில், அழகாக, கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தன. எதுவும் சிக்கவில்லை. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

"சரியாப் போச்சில்ல பாவா?"

"ஒண்ணுமே ஆவலியேம்மா."

"அதானே வேணும்?"

"தப்பு ஆனாத்தானே எங்க தப்புன்னு தெரியும்? இது ஒண்ணுமே காட்ட மாட்டேன்னுதே. இத எப்டி நம்பறது?"

லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று கணக்கு உண்டு. அதெல்லாம் ஸ்பிரிங் பரீட்சைக்கே தீர்ந்துவிடும். லாரிக்காரர் எப்போதாவது நிஜமாகவே வந்திருந்தால் பாவாவிடம் மூன்று வகை ஸ்பிரிங் இருந்திருக்கும், தோட்டா இருந்திருக்காது. இதைச் சொல்லி நானும் அக்காவும் சிரித்திருக்கிறோம். சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் எப்போது சிரிப்பிலிருந்து அழுகைக்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் அந்த வீட்டில் வாழ்ந்தவள் அவள். வாசல் கேட் எப்போதும் பூட்டியிருக்கும். பால்காரர் கூப்பிட்டால்கூட பாவா முதலில் மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார், பிறகுதான் சாவி இறங்கும். கிருத்திகைக்கு மலை ஏறும் காவடிக் கூட்டம் தெருவில் போனால் நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம், அவர் கதவிடுக்கில் நிற்பார். அவர்களுடைய ஒரே மகள் ஆவடியில் இருந்தாள். அவள் பெண் குழந்தை நடக்கப் பழகிய பிறகு ஒருநாள் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"நைனா, அது வூட்ல இருக்கிற வரைக்கும் நான் பாப்பாவ தூக்கினு வரமாட்டேன்."

"பூட்டித்தாம்மா வெச்சிகினு கீறேன்."

"பூட்டி வெச்சத நீ ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தொறந்து பாக்கற? ஒரு வாட்டி மறந்துட்டா?"

மகள் சொன்னதைச் செய்தாள். பேத்தியை அவர்கள் செல்போனில் பார்த்தார்கள்.

தேர்தல் மட்டும் இல்லையென்றால் அக்காவுக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் டெபாசிட் செய்துவிட வேண்டும், ரிசல்ட் வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். மற்றவர்கள் முனகிக்கொண்டு கடைசி நாளில் போவார்கள். பாவா டிவியில் செய்தி வந்த மறுநாள் காலையிலேயே போய் நிற்பார். ஏட்டு அவரைப் பார்த்து, "வாங்க சார், நோட்டீஸே இன்னும் வர்ல, நீங்க வந்துட்டீங்க" என்பார். பாவா ரசீது வாங்கிக்கொண்டு, "ஸ்லைட இழுத்து வெச்சிடாதீங்க சார், ஸ்பிரிங் தளந்துடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்.

திரும்பி வருகிறவர் வேறு ஆள். கேட் திறந்தே கிடக்கும். பட்டப்பகலில் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வார். மகள் அந்த வாரமே குழந்தையோடு வந்து இறங்குவாள். பாவா பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு மலைப்படி ஏறுவார், வழியில் அது கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து அக்காவிடம் திட்டு வாங்குவார். லாரிக்காரர் பயம் அப்போது எங்கே போகும் என்று நான் யோசித்திருக்கிறேன். கையில் ஆயுதம் இல்லாதபோது இந்த மனிதர் பயப்படவே இல்லை. எடுத்துச் சுட வேண்டிய பொறுப்பும் அப்போது சர்க்காருடையதாகிவிடும் போலிருக்கிறது. சட்டமன்றம், பார்லிமெண்ட், உள்ளாட்சி என்று நாட்டில் எத்தனை தேர்தல் வந்தாலும் எங்கள் வீட்டுக்குப் போதவில்லை. "எங்கனா இடைத்தேர்தல் வருதா பாருடி" என்று அக்கா என் பேப்பரைப் பிடுங்குவாள்.

ஒரு உள்ளாட்சித் தேர்தலின்போதுதான் அது நடந்தது. பால்காரர் பாவாவின் ஊரிலிருந்து வருகிறவர். கேட் திறந்திருப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, வூடே கலகலன்னு கீது?" என்று கேட்டிருக்கிறார். அக்கா சந்தோஷத்தில், "டெபாசிட் ஆயிடுச்சிப்பா. இனிமே ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல" என்று சொல்லியிருக்கிறாள். தேர்தல் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்டவர் என்ன நினைப்பார்? பாவாவின் ஓட்டு இன்னும் அந்த ஊரில்தான் இருந்தது. பாவா பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்ற செய்தி அன்று மாலையே பாலோடு சேர்த்து ஊரெல்லாம் ஊற்றப்பட்டுவிட்டது.

மறுநாள் எனக்கு லீவு. அக்கா வீட்டில்தான் இருந்தேன். திறந்த கேட்டுக்குள் ஒரு கார் வந்து நின்றது. கால் வீங்கிய பெரியவர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். லாரிக்காரர். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பாவா கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் பார்வை முதலில் பீரோவுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்து, மடியில் இருந்த பேத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்:

"மனுவை நீங்க வாபஸ் வாங்கிக்கணும்ங்க."

இத்தனை வருஷம் பாவா காத்திருந்த வாக்கியம் அதே சொற்களோடு வந்துவிட்டது.

"அது... அது அப்பவே தள்ளுபடி ஆயிடுச்சிங்களே" என்றார்.

"தள்ளுபடியா? இன்னிக்குத்தானே பரிசீலன?"

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து லெட்டரே வந்துடுச்சிங்க."

"கலெக்டரு எங்க வந்தாரு இதுல? இத பாருங்க, எம் பையன் நிக்கிறான். நீங்களும் நின்னா நம்ப தெரு ஓட்டு ரெண்டாப் பூடும். லிஸ்ட்ல உங்க பேரு இல்லன்னு பசங்க சொன்னானுங்க. கடேசி நேரத்துல குடுத்துட்டீங்களோன்னுதான் நானே வந்தேன். டெபாசிட் கட்டிட்டீங்கன்னு பால்காரரு சொன்னாரே?"

அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாவுக்கு விஷயம் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் இறுக்கிப் பிடித்திருந்த பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டார். அந்த நிம்மதியில்தான் சொன்னார்.

"நான் தேர்தல்ல நிக்கலிங்க. டெபாசிட் பண்ணது துப்பாக்கிய."

"துப்பாக்கியா? உங்ககிட்டயா? எதுக்குங்க?"

பாவா தரையைப் பார்த்தார். அக்காதான் பேசினாள். கோபம்கூட இல்லை, களைத்துப் போன குரல்.

"உங்களுக்குப் பயந்துதாங்க. பாத்து இருந்துக்கன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்சீங்க இல்ல, மணல் லாரி ஓடினப்போ?"

வந்தவர் உண்மையாகவே யோசித்தார். கூரையைப் பார்த்தார், தன் வீங்கிய காலைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவே இல்லை.

"நானா சொன்னேன்? லாரியெல்லாம் வித்து எவ்ளோ காலம் ஆச்சி. அப்போ எத்தினி பேர்கிட்ட இன்னா இன்னா பேசினேனோ. இதுக்கா துப்பாக்கி வாங்கனீங்க?" என்றவர், அக்கா கொடுத்த காபியைச் சர்க்கரை இல்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு, "ஓட்டு மட்டும் மறக்காம பையனுக்குப் போட்டுடுங்க" என்று கும்பிட்டுக் கிளம்பினார். போகும்போது பேத்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

கார் தெருமுனை தாண்டியதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். பாவா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அவனுக்கே நெனப்பு இல்லன்னா, நான் யாருக்காகம்மா இத்தினி நாளு முழிச்சிகினு இருந்தேன்?"

அந்தக் கணத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அன்று மாலையே மகள் பேச்சை எடுத்தாள். அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆவடியில் யாரும் இல்லை. "சரண்டர் பண்ணிடு நைனா. பாப்பாவ இங்கயே வுட்டுட்றேன், இங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம்" என்றாள். பாவா குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "ஆங், ரிசல்ட் வரட்டும். லைசென்ஸோட சேத்து எழுதிக் குடுத்துட்றேன்" என்றார். அக்கா மறுநாளே குழந்தைக்குச் சின்ன டிபன் டப்பா வாங்கிவந்தாள். பேர் எழுதி ஒட்டினாள். அவள் அந்த நாட்களில் பாடிக்கொண்டே வேலை செய்தாள் என்றால் நம்பமாட்டீர்கள்.

ரிசல்ட் வந்தது. லாரிக்காரர் பையன் ஜெயித்தான். பாவா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு வந்தார். கக்கத்தில் பிஸ்டல் வைக்கும் தோல் பை இருந்தது.

"இன்னாங்க, எழுதிக் குடுக்கலியா?" என்றாள் அக்கா.

அவர் நேராக உள்ளே போனார். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நான் புரிந்துகொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"மின்ன எங்கிட்ட துப்பாக்கி கீதுன்னே அவனுக்குத் தெரியாதும்மா. இப்ப தெரிஞ்சி பூட்ச்சி. பையன் வேற ஜெயிச்சிட்டான். இப்பப் போயி எப்டிக் குடுக்கறது?"

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. பயப்படுகிறவனின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

மகள் உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் தன் புடவைகளை ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தாள். பாவா கூடத்திற்கும் வாசலுக்குமாக நடந்தார். நான் போய் ஆட்டோ கூட்டிவந்தேன்.

குழந்தைக்கு ரயில் என்றால் உயிர். தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா வா, ரயிலு, ரயிலு" என்று இழுத்தது. அவர் அது இழுத்த இழுப்புக்கு வாசல்வரை வந்தார். கேட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தார். ரயில் நிலையம் ஒன்றும் தூரமில்லை, ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் பூட்டா வூட்ல யாரு இருக்கறது? பீரோல அது தனியா இருக்குமே" என்றார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்த அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அதுக்குத் துணையா நீங்க இருங்க. பாப்பாவுக்குத் துணையா நான் இருக்கறேன்."

பாவா "ஆங்" என்றார். அவள் குத்திச் சொன்னதை ஒரு ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டு, சரியென்று தலையையும் ஆட்டினார். பிறகு குனிந்து, குழந்தையின் விரல்களை வலிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போனார்.